டாக்டருக்கு ஒரு நல்ல வியாதி

டாக்டருக்கு என்ன வியாதி கொடுப்பது என்று புல்வெட்டுக்காரர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

ரொம்பப் பெரிய வியாதியாக இருக்கக் கூடாது. பாவம், நல்ல மனிதர். சின்னதாகவும் இருக்கக் கூடாது. ஜலதோஷம் என்றால் பந்தயத்துக்குள் சரியாகிவிடும். பந்தயம் அடுத்த மாதம் பத்தாம் தேதி. அதுவரை ஆள் எழுந்து நடமாடக் கூடாது, உயிருக்கும் ஆபத்து வரக் கூடாது. அப்படி அளவெடுத்துத் தைத்த வியாதி எங்கே கிடைக்கும்?

புல்வெட்டும் வண்டியை ஏழாம் குழிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அதே யோசனையோடு இறங்கினார். இடுப்பு சுளுக்கிக்கொண்டது.

"ஐயோ!" என்று பிடித்துக்கொண்டவரின் முகம் மறுநொடியே மலர்ந்தது. வியாதி கிடைத்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. மூன்றே முக்காலுக்கு அவர் முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்தார். போனுக்குக் கண் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒருமுறை தன்னை ‘சார்’ என்று கூப்பிடுகிற ஒரே குரலுக்கு முன்னால் புல் ஒட்டிய பனியனோடு உட்கார மனசு வரவில்லை.

சரியாக நாலு மணிக்கு மணி அடித்தது.

"வணக்கம் சார். ஆபீஸ்ல இருந்து பேசறேன். மேனேஜர் கேக்கச் சொன்னாரு. இந்த வாரம் எத்தனை பேரு ஆடினாங்க?"

"வழக்கமான மூணு பேர்தான் மேடம். ஆனா டாக்டருக்குத்தான்..."

"டாக்டருக்கு என்ன?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு. நிமிரவே முடியல. பந்தயத்துல ஆட மாட்டாருன்னு நெனைக்கிறேன்."

அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"மேனேஜர் ரொம்ப வருத்தப்படுவாரு சார்," என்றது குரல். "டாக்டர் ஆட்டத்தைப் பாக்கணும்னுதான் அவரு பந்தயமே வெச்சாரு. சரி, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க மேடம்."

போனை வைத்ததும் புல்வெட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். டாக்டர் இல்லாமல் பந்தயம் நடக்காது. பந்தயம் நடக்காவிட்டால் மேனேஜர் நேரில் வர மாட்டார். மேனேஜர் வராதவரை டாக்டர், நீதிபதி, கப்பல் கேப்டன் என்று மூன்று பேர் இந்த உலகத்திலேயே இல்லை என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த கோல்ஃப் மைதானம் நெடுஞ்சாலைக்கும் ஒரு பாசிக் குட்டைக்கும் நடுவில் கிடந்தது. ஒன்பது குழி. பக்கத்தில் பெரிய பெரிய பங்களாக்கள் வரப்போகின்றன என்று நம்பிக் கட்டியது. பங்களாக்கள் வரவில்லை. முதலாளிகளான அண்ணனும் தம்பியும் சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். நிர்வாகம் முழுக்க நகரத்து ஆபீஸில் இருந்த மேனேஜர் கைக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதம் பன்னிரண்டு பேராவது ஆடி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் மைதானம் மூடப்படும் என்று இருந்தது.

அந்த மாதம் ஆடவந்தவை ஒரு பசுமாடும் அதன் கன்றும்தான். இரண்டுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது.

மூடினால் புல்வெட்டுக்காரர் மகன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். எட்டாவது மாடி. மனைவி இறந்த வருஷம் அங்கே இரண்டு மாதம் இருந்து பார்த்திருக்கிறார். ஹால் சோபாதான் படுக்கை. மருமகள் தொலைக்காட்சி பார்க்க வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். பேத்தி படிக்க வந்தால் பால்கனிக்குப் போக வேண்டும். பால்கனியில் ஒரு தொட்டியில் புல் வளர்த்திருந்தார்கள். அது பிளாஸ்டிக் புல் என்பது, மூன்று நாள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அதனால் பதிவேட்டை எடுத்தார். நீலப் பேனாவில் டாக்டர், பச்சைப் பேனாவில் நீதிபதி, இடது கையால் கேப்டன். வாரத்துக்கு மூன்று பேர், மாதத்துக்குப் பன்னிரண்டு. கணக்கு சரியாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில், எத்தனை அடியில் ஒன்பது குழியையும் முடித்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அடி குறையக் குறைய ஆட்டம் உசத்தி. புல்வெட்டுக்காரருக்கு ஒரு குணம். பொய்க் கையெழுத்துப் போடுவார், பொய் எண் எழுத மாட்டார். அலமாரியில் யாரோ மறந்துபோன மட்டைகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மூன்று பேருக்காகவும் தானே ஆடினார். நீதிபதிக்காக நிதானமாக, ஒவ்வோர் அடிக்கும் தீர்ப்புச் சொல்வதுபோல யோசித்து ஆடினார். கேப்டனுக்காகத் திட்டிக்கொண்டே ஆடினார். டாக்டருக்காக மட்டும் தனக்குப் பிடித்தமாதிரி ஆடினார். அதனால்தானோ என்னவோ, முதல் வாரம் எழுபத்தோரு அடியில் முடித்த டாக்டர் போன மாதம் முப்பத்தொன்பதில் முடித்துவிட்டார்.

புகார்ப் புத்தகம் என்று ஒன்றும் இருந்தது. மூன்று பேர் ஆடுகிற இடத்தில் புகாரே இல்லாவிட்டால் யாராவது சந்தேகப்படுவார்கள் அல்லவா? ‘மூன்றாம் குழியருகே மணலில் கல் கிடக்கிறது. ஊழியர் தூங்குகிறாரா?’ என்று நீதிபதி காட்டமாக எழுதினார். வாராவாரம் பதிவேட்டின் நகலோடு புகாரின் நகலும் ஆபீஸுக்குத் தபாலில் போகும். அடுத்த வெள்ளிக்கிழமையே போன் வந்தது.

"மேனேஜர் கேக்கச் சொன்னாரு. அந்தக் கல்லை எடுத்துட்டீங்களா?"

எடுக்காமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சல்லடை வைத்து மணல் முழுவதையும் சலித்தார். கேப்டன் குட்டைப் பாசியைத் திட்டி எழுதினார். பாசி போய் அல்லி வந்தது. இப்படியே தன்னைத்தானே திட்டி, தானே ரோஷப்பட்டு, இரண்டு வருஷத்தில் மைதானத்தைக் கம்பளம்போல ஆக்கிவிட்டார். போன மாதம் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. ‘எதிர்பார்த்ததைவிட மேலான மைதானம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ‘மேனேஜருக்காக’ என்று ஒரு கையெழுத்து. சட்டம் போட்டு மாட்டிவைத்தார். பார்க்கத்தான் ஆளில்லை. பசுமாட்டையும் இப்போது உள்ளே விடுவதில்லை.

அந்தச் சான்றிதழுக்குப் பின்னாலேயே பந்தயச் செய்தியும் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு வெந்நீர்ப் பை. அதற்குக் கையால் பின்னிய மஞ்சள் உறை. ‘டாக்டருக்கு, மேனேஜர் அன்புடன்’ என்று ஒரு சீட்டு.

புல்வெட்டுக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இடுப்பு உண்மையிலேயே வலித்தது. டாக்டர் சார்பில் மூன்று நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை வலி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் குரல் கேட்டது. "டாக்டருக்கு இடுப்பு எப்படி சார் இருக்கு?"

"அருமையான பை மேடம்! மூணே நாள்! இப்ப குனிஞ்சு நிமிர முடியுது!"

"அப்படியா! மேனேஜர் கேட்டா துள்ளிக் குதிப்பாரு. அப்போ பந்தயத்துக்கு வந்துடுவாருன்னு சொல்லிடறேன்!"

புல்வெட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நன்றி சொல்கிற அவசரத்தில் நோயாளியைக் குணப்படுத்திவிட்டார்.

"இல்ல மேடம்... குணமாயிட்டாரு... குணமானதால ஊருக்குப் போறாரு. வெளிநாடு. பொண்ணு வீட்டுக்கு."

"அப்படியா? எப்ப வருவாரு?"

"அது... ஆறு மாசம் ஆகும்."

"பரவாயில்ல சார். பந்தயத்தை ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாம்னு மேனேஜர் சொல்வாரு."

"ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஒரு வருஷமே தள்ளி வெச்சுக்கலாம். அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல. டாக்டரோட அங்கத்து அட்ரஸ் மட்டும் வாங்கிக் குடுங்க. மேனேஜர் கடுதாசி போடணும்னு சொல்வாரு. புது ஊர்ல தனியா கஷ்டப்படுவாரு பாவம்."

புல்வெட்டுக்காரருக்கு வியர்த்தது. முகவரி கொடுத்தால் கடிதம் போகும். கடிதம் திரும்பி வரும். கம்பளிப்பூச்சி மாதிரி இந்த டாக்டர் தட்டத்தட்ட மேலே ஏறுகிறார். ஒரே உதறாக உதறிவிட வேண்டியதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"டாக்டர் போயிட்டாரு மேடம். போன இடத்துல நெஞ்சுவலி. தூக்கத்துலயே..."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இனிமேல் நீலப் பேனாவை எடுக்க முடியாது. தனக்குப் பிடித்த மாதிரி ஆட முடியாது. நீதிபதியாகவும் கேப்டனாகவும் மட்டும் மிச்ச நாளைத் தள்ளவேண்டும். கண் கலங்கிவிட்டது. போனின் அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மேனேஜர்கிட்ட எப்படி சார் சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டுக் குரல் போனை வைத்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் மறுபடியும் மணி அடித்தது.

"மேனேஜர் உடைஞ்சு போயிட்டாரு சார். நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமை, மைதானத்துலயே ஒரு இரங்கல் கூட்டம் வெக்கச் சொல்றாரு. அவரே வர்றாரு. நானும் வர்றேன். நீதிபதியும் கேப்டனும் ரெண்டு வார்த்தை பேசணுமாம். டாக்டர் படம் ஒண்ணு வெச்சிடுங்க."

ஒருத்தரைக் கொன்றதில் இரண்டு பேரை உயிரோடு காட்டவேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அவர் பேசிப் பழகியவர் ஊரில் ஒரே ஒருவர், முடிதிருத்துகிறவர். அவர் கடைக்கு ஓடினார்.

"ஒரு மணி நேரம் நீதிபதியா இருக்கணும்," என்றார்.

"இருந்துட்டாப் போச்சு," என்றார் முடிதிருத்துகிறவர், கத்தரியை நிறுத்தாமலே. "யாரைத் தூக்குல போடணும்?"

"யாரையும் போட வேணாம். செத்துப்போன டாக்டரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்."

"எப்படிச் செத்தாரு?"

"நான்தான்... அதை விடுங்க. கேப்டனுக்கும் ஒரு ஆள் வேணும்."

"அதுக்கு எதுக்கு இன்னொரு ஆளு? முதல்ல நீதிபதியா பேசறேன். அப்புறம் பம்புசெட் பின்னால போயி தொப்பி வெச்சுக்கிட்டு கேப்டனா வர்றேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கணும்னு மேனேஜர் சொன்னா?"

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு சொல்லிடுங்க. பெரிய மனுஷங்கன்னா அப்படித்தானே இருப்பாங்க? என்னிக்கி கூட்டம்?"

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணி."

"வந்துட்டேன்னு வெச்சுக்குங்க!" என்றார் முடிதிருத்துகிறவர்.

புல்வெட்டுக்காரர் இருபது நாற்காலி வாடகைக்கு எடுத்தார். ஆபீஸ் அறையில் ஒரு டயர் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதில் நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒருவர், காருக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டயரையும் காரையும் வெட்டிவிட்டு, சிரிப்பை மட்டும் சட்டம் போட்டார். பொருத்தமான முகம். முப்பத்தொன்பதில் முடிக்கக்கூடிய முகம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி அடித்தது. முடிதிருத்துகிறவர் வரவில்லை. போன் போட்டால் பின்னணியில் நாலைந்து பேர் சத்தம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமைன்னு சொல்லும்போது தலையில ஏறல. இன்னிக்கித்தான் கடையில கூட்டம் அள்ளுது. ஒருத்தருக்குப் பாதி மீசையோட நிக்கிறேன். நீதிபதிய அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைங்க!"

இருபது நாற்காலிகளுக்கு நடுவில் புல்வெட்டுக்காரர் தனியாக நின்றார். நடுவில் மேசை, மேசையில் டயர்க்காரரின் சிரிப்பு. எட்டாவது மாடி சோபா கண்ணுக்குத் தெரிந்தது. மைதானத்தை ஒருமுறை கடைசியாகப் பார்த்துக்கொண்டார். காலை ஒன்பது மணிக்குள்ளேயே எல்லாக் கொடிகளையும் துவைத்து மாட்டியிருந்தார். ஒன்பதும் சாயம் போகாமல் பறந்தன.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. முன்கதவிலிருந்து டிரைவர் இறங்கினார். பின்கதவிலிருந்து ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், கையில் மலர்வளையமும் சாப்பாட்டு அடுக்குமாக இறங்கினார். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

"சார்," என்றார் பெண்மணி. குரல் தெரிந்த குரல். முகம் புது முகம். இருவரும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் மலர்வளையத்தைப் பார்த்தார்கள்.

"மேனேஜர் வரலையா மேடம்?"

"அவருக்குத் திடீர்னு இடுப்பு புடிச்சுக்கிச்சு சார். நிமிர முடியல." பெண்மணி அவசரமாகச் சுற்றிலும் பார்த்தார். "நீதிபதி? கேப்டன்?"

"துக்கம் தாங்காம படுத்துட்டாங்க மேடம். ரெண்டு பேரும்."

"பாவம்," என்றார் பெண்மணி. அவருக்கும் மூச்சு சீரானது மாதிரி தெரிந்தது.

இருபது நாற்காலியில் இரண்டில் உட்கார்ந்தார்கள். மௌனமாக ஒரு நிமிஷம் இருக்கவேண்டும் என்று ஆரம்பித்து அது கால்மணி நேரம் நீண்டது. பிறகு பெண்மணிதான் பேசினார்.

"நாலாம் குழியில பந்து அணில் மேல படக்கூடாதுன்னு டாக்டர் காத்துக்கிட்டு நின்னாருன்னு ஒருதடவை சொன்னீங்களே... அந்த வாரம் முழுக்க அதையே நெனைச்சுக்கிட்டிருந்தேன் சார்."

"அந்த அணில் இப்பவும் இருக்கு மேடம்," என்றார் புல்வெட்டுக்காரர். "பாக்கறீங்களா?"

அணிலைப் பார்க்கப் போனவர்கள் ஒவ்வொரு குழியாக நடந்தார்கள். சலித்த மணலைப் பெண்மணி கையில் அள்ளிப் பார்த்தார். அல்லிக் குட்டையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எதிர்பார்த்ததைவிட ரொம்ப நல்லா இருக்கு சார்."

இரண்டு வருஷத்தில் அந்த மைதானத்தைப் பார்த்து முதன்முதலாக ஒரு மனிதர் நேரில் சொன்ன வார்த்தை. புல்வெட்டுக்காரர் ஒரு கொடியை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

ஒன்பதாம் குழியில் மட்டையைக் கொடுத்ததும் பெண்மணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். பந்து குழியைச் சுற்றிப் போனது. மறுபடி அடித்தார். மறுபடியும் போனது.

"இதை விடமாட்டேன்," என்றார் சிரித்துக்கொண்டே. "நீங்க வேணா போயி சாப்பாட்டைப் பிரிச்சு வைங்க. நான் பந்தை உள்ள தள்ளிட்டுத்தான் வருவேன்."

புல்வெட்டுக்காரர் நாற்காலிகளிடம் திரும்பி வந்தார். கார் டிரைவர் மேசைக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு டாக்டரின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவரு நம்ம டயர் கம்பெனி காலண்டர்ல வர்ற ஆளாச்சே! எங்க கார் ஸ்டாண்டுல ஒண்ணு தொங்குது. பக்கத்துல கார்கூட இருக்குமே? எப்பண்ணே செத்தாரு?"

புல்வெட்டுக்காரர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். இதற்கு மேல் எந்த வியாதியும் உதவாது.

"தம்பி, டாக்டரும் இல்ல, நீதிபதியும் இல்ல, கேப்டனும் இல்ல. எல்லாம் நான்தான். இந்த இடத்தை விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது, அதான் இப்படிப் பண்ணிட்டேன். அந்த அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன். மேனேஜர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதப்பா. தெரிஞ்சா நாளைக்கே பூட்டுப் போட்டுடுவாரு."

டிரைவர் அவரை விநோதமாகப் பார்த்தார். தூரத்தில் ஒன்பதாம் குழியில் பந்து உள்ளே விழுந்துவிட்டது போலிருக்கிறது. பெண்மணி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"எந்த மேனேஜர்ண்ணே? அவரு வேலையை விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க ஸ்டாண்டுக்கு நேர் மேல அந்த ஆபீஸ்ல இந்த அக்கா ஒருத்தங்கதான் ஒக்காந்திருக்காங்க, வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனா ஜன்னலோரம் நின்னு தலை வாரிக்கிட்டு யாருக்கோ போன் போடுவாங்க."